எக்செல் புள்ளி போடுவதற்கு மட்டும்தானா?



நம் தமிழ்ப்பள்ளிகளில் எக்செல் அறியாத ஆசிரியர் இன்று அரிது. ‘விரிதாள்’ என்று தமிழில் சொன்னால்தான் சிலர் புருவத்தை உயர்த்துவர். வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலைகள், பாடநூல் கடனுதவிப் பட்டியல், விளையாட்டுப் போட்டியில் இல்லங்கள் பெற்ற புள்ளிகள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வரவு செலவு என யாவும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. மேலிடத்திலிருந்து அவ்வப்போது ஒரு கோப்பு வரும். வண்ணம் பூசிய கட்டங்களில் மட்டும் எண்களை நிரப்ப வேண்டும். பிற கட்டங்களைத் தொட்டால் ‘பூட்டப்பட்டுள்ளது’ என்று எச்சரிக்கும். நாமும் பணிவோடு நிரப்பி அனுப்பிவிடுவோம். பூட்டிய கட்டங்களுக்குள் என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க நமக்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை.

கணிதம் இருப்பது அந்தப் பூட்டிய கட்டங்களுக்குள்தான் என்பது என் கருத்து. நிரப்பும் கட்டங்களில் இருப்பது எழுத்தர் வேலை. விரிதாளை வகுப்பறைக்குக் கொண்டு செல்லும் ஆசிரியர்கள் சிலரும்கூட, சூத்திரங்களையெல்லாம் தாமே எழுதி அழகான கோப்பு ஒன்றைச் செய்துவைத்துவிட்டு, மாணவனை எண்களை மட்டும் தட்டச்சு செய்யச் சொல்கின்றனர். பட்டைக்குறிவரைவு வண்ண வண்ணமாய் எழும்பும்; பிள்ளைகள் கைதட்டுவர்; பாடக்குறிப்பில் ‘தகவல் தொழில்நுட்பப் பயன்பாடு’ என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால், அந்த நாற்பது நிமிடத்தில் சிந்தித்தவர் யார் என்று கேட்டால், முந்தைய நாள் இரவு கோப்பைத் தயாரித்த ஆசிரியர் மட்டுமே!

2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, மடிக்கணினிகளும் எல்சிடி புரொஜெக்டர்களும் பாடக் குறுவட்டுகளும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது நினைவிருக்கலாம். குறுவட்டு பாடம் நடத்தியது. ஆசிரியர் ‘அடுத்தது’ என்னும் பொத்தானை அழுத்தினார். அந்தத் திட்டம் போய்விட்டது. அந்தப் பழக்கம் போகவில்லை.

விரிதாள் பிறந்த கதையே ஒரு வகுப்பறைக் கதைதான். 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராயிருந்த டான் பிரிக்ளின், பேராசிரியர் கரும்பலகையில் பெரிய அட்டவணை ஒன்றை எழுதுவதைக் கவனித்தார். ஓர் எண்ணை மாற்ற நேர்ந்தால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் கரும்பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணினார். அவரும் பாப் பிராங்க்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய ‘விசிகால்க்’ 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு விற்பனைக்கு வந்தது. எக்செல் அதன் பேரப்பிள்ளை போன்றது, 1985இல்தான் பிறந்தது. ஆக, இது தட்டச்சுப் பொறிக்கு உறவன்று, கரும்பலகைக்கு உறவு. அலுவலக மேசைக்குப் போய்விட்ட கரும்பலகையை வகுப்பறைக்குத் திரும்ப அழைத்து வருவோமே!

எப்படி அழைத்து வருவது? என் ஆறாம் ஆண்டு வகுப்பில் நான் திரும்பத் திரும்பக் கொடுக்கும் கணக்கு ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

24 மீட்டர் கம்பி வலை இருக்கிறது. அதைக்கொண்டு செவ்வக வடிவில் கீரைத் தோட்டம் ஒன்றுக்கு வேலி அடைக்க வேண்டும். எந்த அளவில் அடைத்தால் பரப்பளவு மிகுதியாக இருக்கும்? முதலில் தாளில்தான் செய்வார்கள். நீளம் 11, அகலம் 1. நீளம் 10, அகலம் 2. இப்படி எழுதிப் போனால் 6க்கு 6 என்னும் சதுரத்தில் 36 சதுர மீட்டர் கிடைக்கிறது. சுற்றளவு ஒன்றாக இருந்தும் பரப்பளவு மாறுகிறதே என்று வியப்பவர்கள் அப்போதும் சிலர் இருப்பர். சதுரமே பெரியது என்ற முடிவுக்கு வகுப்பு வந்துவிடும். இதுவரை கணினிக்கு வேலையில்லை.

அடுத்துக் கேட்பேன்: தோட்டத்தைப் பள்ளிச் சுவரை ஒட்டி அமைக்கிறோம். ஒரு பக்கத்துக்குச் சுவரே வேலி. மற்ற மூன்று பக்கங்களுக்கு மட்டும் அதே 24 மீட்டர் வலை. இப்போது எந்த அளவு சிறந்தது? விடையை முதலில் ஊகித்து, குறிப்பேட்டில் எழுதி, மூடிவைக்க வேண்டும். இந்த ஊகத்தை எழுதாத மாணவன் கணினியருகில் வரக்கூடாது என்பது என் வகுப்பின் விதி. ஏறக்குறைய எல்லாரும் 8க்கு 8 என்றே எழுதுவார்கள். மூன்று பக்கங்கள், 24ஐ மூன்றால் வகுத்தால் 8, சதுரம்தானே பெரியது! அவர்கள் மீது குறையில்லை. சற்று முன்னர்தான் நாமே அப்படிக் கற்பித்தோம்.

இனி விரிதாள். மேலிருந்து கீழே இறங்குவதை நிரல் என்றும் இடமிருந்து வலமாக ஓடுவதை நிரை என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். முதல் நிரலில் சுவரிலிருந்து வெளியே நீளும் பக்கம்; அதை அகலம் என்போம். 1, 2, 3 என்று கீழே எழுதுகிறோம். இரண்டாம் நிரலில் சுவருக்கு இணையான பக்கம், அது நீளம். நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே நான் வாயை மூடிக்கொள்வேன். (ஆசிரியர்க்கு இது கடினமான பயிற்சி!) எண் வேண்டாம், வாக்கியம் வேண்டும் என்று மட்டும் சொல்வேன். தட்டுத் தடுமாறி யாராவது ஒருவர் சொல்வார்: “மொத்தம் இருபத்து நான்கிலிருந்து அகலத்தை இரண்டு தடவை எடுத்துவிட்டால் மீதி நீளம், டீச்சர்.”

அந்த வாக்கியம்தான் அன்றைய பாடம். அதைக் கணினிக்குப் புரியும்படி எழுதினால் =24-2*ஏ2 என்று ஆகிறது. ஏ2 என்பது எண் அன்று. எண் குடியிருக்கும் வீட்டின் முகவரி. அந்த வீட்டில் இன்று 1 இருக்கலாம், நாளை 9 இருக்கலாம். யார் இருந்தாலும் விதி மாறாது. கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால், அடுத்தடுத்த நிரைகளில் ஏ3, ஏ4 என்று முகவரி தானாக மாறிக்கொள்கிறது. மூன்றாம் நிரலில் இரண்டையும் பெருக்கினால் பரப்பளவு.

எண்கள் இறங்குகின்றன: 22, 40, 54, 64, 70, 72, 70, 64, 54, 40, 22. வகுப்பில் ஓர் அமைதி. அகலம் 8, நீளம் 8 என்னும் சதுரம் 64இல் நிற்கிறது. அகலம் 6, நீளம் 12 என்பதோ 72 தருகிறது. மூடிவைத்த குறிப்பேடுகள் மெல்லத் திறக்கின்றன.

இதற்கு மேல்தான் சுவையே. “ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னும் பெரியது இருந்தால்?” என்று கேட்கும் பிள்ளை ஏதாவது ஓர் ஆண்டு வந்து வாய்க்கும். 5.5 எழுதிப் பார்க்கிறோம், 71.5. 6.5 எழுதினாலும் 71.5. 5.9 என்றால் 71.98, 6.1 என்றாலும் அதே 71.98. தசமப் பெருக்கல் இத்தனை ஆவலோடு செய்யப்படுவதை நான் பயிற்றிகளில் கண்டதில்லை. கையால் செய்யச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. மூன்றாவது பெருக்கலிலேயே சலித்திருப்பார்கள். கணக்கிடும் சுமையை இறக்கிவைத்ததால் கேள்வி கேட்கும் தெம்பு மிஞ்சுகிறது. விரிதாளால் கணிதச் சிந்தனைக்கு என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்.

ஆனால், ‘ஏன் 72?’ என்னும் கேள்விக்கு விரிதாளிடம் விடை கிடையாது. ஆயிரம் நிரை இழுத்தாலும் அது சொல்லாது. கணினியை மூடிவிட்டு மீண்டும் தாளுக்கு வரவேண்டும். சுவர் இருக்கும் கோட்டின் மேல் சிறு முகக்கண்ணாடி ஒன்றை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் இன்னொரு தோட்டம் தெரியும். இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 6. மொத்தம் 12க்கு 12. சதுரம் எங்கும் போகவில்லை. பாதி சுவருக்கு அப்பால் ஒளிந்திருந்தது! இதைக் கண்டவுடன் ஒரு மாணவி, “அப்படியென்றால் நாம் முதலில் சொன்னது சரிதான், டீச்சர், இடத்தைத்தான் தவறாகப் பார்த்துவிட்டோம்” என்றாள். உயர்நிலைச் சிந்தனை என்று நாம் பயிலரங்குதோறும் பேசுகிறோமே, அதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மதிப்பீடு எப்படிச் செய்வது என்று உடனாசிரியர் ஒருவர் கேட்டார். மிக எளிது. சில மாணவர்கள் முகவரியை எழுதாமல் =24-2*1, =24-2*2 என்று ஒவ்வொரு நிரையிலும் எண்ணையே எழுதிவைத்திருப்பார்கள். விடைகள் அனைத்தும் சரியாகவே இருக்கும். அச்சடித்துப் பார்த்தால் வேறுபாடே தெரியாது. நான் போய் முதல் நிரலில் 3ஐ அழித்துவிட்டு 7 என்று மாற்றுவேன். உறவை எழுதியவனின் நீளமும் பரப்பளவும் உடனே மாறும். எண்ணை எழுதியவனுடையவை அசையாமல் கிடக்கும். எங்கள் வகுப்பில் முன்னதற்கு ‘உயிர்க்கட்டம்’ என்றும் பின்னதற்குச் ‘செத்தகட்டம்’ என்றும் பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டனர். சரியான விடை எழுதியும் ஒரு மாணவன் உறவை விளங்கிக்கொள்ளாமல் இருக்கக்கூடும் என்பதைத் தாள் தேர்வு காட்டாது, இது காட்டிவிடுகிறது.

பெற்றோர்கள் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ‘கணினி கணக்குப் போட்டால் பிள்ளை வாய்ப்பாட்டை மறந்துவிடுமே’ என்பர். இக்கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை விரிதாளுக்குக் கணித வகுப்பில் வேலையே இல்லை என்பதே என் நிலைப்பாடு. வாய்ப்பாடு மனத்தில் பதிய வேண்டும். நெடுவகுத்தல் கையால் செய்து கை நோக வேண்டும். 7ஐ 8ஆல் பெருக்கினால் 56 என்று தெரியாத பிள்ளைக்கு, திரையில் 65 வந்தாலும் அதுவே வேதவாக்கு. ஊகித்த பிறகே அழுத்த வேண்டும் என்ற விதியை நான் கட்டாயமாக்கியதும் அதனால்தான்.

கணினியே ஐயத்தைக் கிளப்பும் இடங்களும் உண்டு, அவற்றை விட்டுவிடக்கூடாது. 1ஐ 3ஆல் வகுத்து, இரண்டு தசம இடம் மட்டும் தெரியும்படி வைத்தால் 0.33 என்று காட்டும். அப்படி மூன்று கட்டங்களைக் கூட்டச் சொன்னால் 1.00 என்கிறது. பிள்ளைகள் விரல்விட்டு எண்ணி, 0.99 அல்லவா வரவேண்டும், கணினி தவறு செய்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு கூவுவார்கள். கட்டம் காட்டுவது வேறு, உள்ளே வைத்திருப்பது வேறு என்று அன்று பேசத் தொடங்கினால், கிட்டிய மதிப்பு என்னும் பாடம் முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

கிட்டிய மதிப்பு என்றதும் நம் நாட்டுக் கடைகள் நினைவுக்கு வருகின்றன. 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகச் செலுத்தும்போது மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றும் முறை நடப்பில் இருக்கிறது. இரசீதின் அடியில் அந்தச் சரிக்கட்டல் ஒரு வரியாக அச்சாகியிருக்கும். பிள்ளைகள் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து பழைய இரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லி, “கடைக்காரருக்கு இதனால் ஆதாயமா?” என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் ஆதாயம் என்றார்கள்!

தொகையை 20ஆல் பெருக்கி, கிட்டிய முழு எண்ணாக்கி, மீண்டும் 20ஆல் வகுத்தால் கடையில் கட்டும் தொகை கிடைக்கும். ஏன் 20? ஒரு ரிங்கிட்டில் இருபது ஐந்து சென்கள் அல்லவா! இதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நான் ஒரு முழுப் பாடவேளை காத்திருந்தேன். அதன்பின் 9.99 ரிங்கிட் விலையுள்ள பொருளை எடுத்துக்கொண்டோம். ஒன்று வாங்கினால் 10.00, நமக்கு 1 சென் இழப்பு. இரண்டு வாங்கினால் 19.98, கட்டுவது 20.00, 2 சென் இழப்பு. மூன்று என்றால் 29.97, கட்டுவது 29.95, 2 சென் நமக்கு ஆதாயம். நான்கு என்றால் 1 சென் ஆதாயம். ஐந்து என்றால் 49.95, இழப்புமில்லை ஆதாயமுமில்லை. ஆறாவதில் மீண்டும் பழைய கதை தொடங்குகிறது. நூறு நிரை இழுத்துப் பார்த்தும் இந்தத் தோரணி மாறவில்லை. அடுத்த நாள் ஒரு மாணவன் தன் தந்தையிடம் மூன்று மூன்றாக வாங்குமாறு அறிவுரை கூறியிருக்கிறான். இரண்டு சென்னுக்காக இருபது ரிங்கிட் மிகையாகச் செலவழிக்கலாமா என்று தந்தை கேட்டாராம். அதுவும் கணிதம்தான்.

சராசரிக்கும் இவ்வழி பொருந்தும். ஐந்து பேரின் கைச்செலவுப் பணம் 1, 2, 2, 3, 2 ரிங்கிட். சராசரி 2, நடுவெண் 2, முகடு 2. அந்த 3ஐ 13 ஆக்குங்கள். சராசரி 4க்குத் தாவுகிறது. நடுவெண்ணும் முகடும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நான்கு ரிங்கிட்டை எட்டியவர் ஐவரில் ஒருவர்தான். செய்தித்தாளில் சராசரி வருமானம் என்று படிக்கும்போது நாளை இவர்கள் ஒரு கணம் நின்று யோசிப்பார்களாயின் அது போதும்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது தமிழ்ப்பள்ளிகளுக்கே உரியது. நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு வரை கணிதத்தைத் தமிழில் சிந்திக்கின்றனர். முதலாம் படிவத்தில் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் அவர்கள் தலையில் இறங்குகின்றன. பாடமொழி மலாய் ஆகிவிடுகிறது. எண்கள் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ‘தமிழ்ப்பள்ளியில் கணக்கு நன்றாகத்தான் செய்தான், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் விட்டுவிட்டான்’ என்று பெற்றோர் வருந்துவதைக் கேட்காத ஆசிரியர் நம்மில் யார்? அவன் விட்டது கணக்கையா, மொழியையா, எழுத்தையா என்று பிரித்தறிய எவருக்கும் நேரமில்லை.

இயற்கணிதம் என்னும் சொல்லை நான் என் வகுப்பில் சொல்வதில்லை. ஆயினும், ‘எந்த எண் வந்தாலும் இந்த விதி’ என்ற எண்ணம் ஏ2 என்னும் முகவரி வழியே தமிழில் வேர்விட்டிருந்தால், முதலாம் படிவத்தில் எழுத்தைக் காணும்போது அது அந்நியனாகத் தோன்றாது. பழகிய கருத்துக்குப் புதிய மொழியில் பெயர் கற்பது ஒரு வேலை. புதிய கருத்தைப் புதிய மொழியிலேயே கற்பது இருமடங்கு வேலை. அந்த இரண்டாவது சுமையை நம் பிள்ளைகள் மீது ஏற்றி அனுப்ப வேண்டுமா? 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு ஒழிக்கப்பட்ட பிறகு, தேர்வுத்தாளுக்குப் பழக்கவே ஆறாம் ஆண்டு போதவில்லை என்ற சாக்கும் நம்மிடம் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். விரிதாளில் சமக்குறி முன்னால் வருகிறது. ‘சமக்குறி என்றால் விடை வரப்போகிறது’ என்று ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது அந்த எண்ணத்தை இன்னும் உறுதியாக்கிவிடக்கூடும். 5 + 3 = ☐ + 2 என்று கொடுத்தால் கட்டத்துக்குள் 8 என்று எழுதும் பிள்ளைகள் நம்மிடம் உண்டு. சமக்குறி தராசின் முள் என்பதை விரிதாள் கற்பிக்காது. கரும்பலகைதான் கற்பிக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள். ஆளுக்கொரு கணினி தேவையில்லை. வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். மூவருக்கு ஒன்று இருந்தால்தான் வாக்குவாதம் நடக்கும். ஒரே ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் இருந்தால் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஊகிக்கலாம். எக்செல் உரிமம் இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. 2020இல் வந்த டெலிமா தளத்தின் கணக்கு வழியாகக் கூகுளின் விரிதாளையும் மாணவர் பயன்படுத்தலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள்; அங்கே ஒரே கணினியைச் சுற்றி முழு வகுப்பும் உட்கார்ந்துவிடும்.

மின்சாரமே இல்லாத நாளுக்கும் வழி இருக்கிறது. மணிலா அட்டையை வெட்டி ஆளுக்கொன்று கொடுத்து, பிள்ளைகளையே கட்டங்களாக நிறுத்துகிறேன். சிலர் எண் பிடித்திருப்பார்கள். சிலர் ‘என் இடப்பக்கத்து நண்பனைப் போல் இருமடங்கு’, ‘முன்னால் நிற்பவனைவிட மூன்று குறைவு’ என்று விதி பிடித்திருப்பார்கள். முதலில் நிற்பவன் எண்ணை மாற்றினால், மாற்றம் வரிசையில் ஓடவேண்டும். ஒருமுறை இரண்டு பிள்ளைகளுக்கு விதிகளை அவர்களே எழுதிக்கொள்ள விட்டேன். அவள் எண்ணில் ஒன்றைக் கூட்டுவேன் என்று இவனும், இவன் எண்ணில் ஒன்றைக் கூட்டுவேன் என்று அவளும் எழுதிக்கொண்டு, முதலில் யார் எண்ணைச் சொல்வது என்று ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றுவிட்டனர். பின்னொரு நாள் கணினியில் அதையே எழுதிப் பார்த்தபோது எச்சரிக்கை ஒன்று திரையில் எழுந்தது. அதன் பொருளை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.